ஆசிரியர் இல்லாத ஊரில் யோகா: புத்தகமா, வீடியோவா, நேரலை வகுப்பா?

எங்கள் ஊரில் யோகா சொல்லித்தர ஆள் இல்லை. பக்கத்து டவுனில் காலை ஆறு மணிக்கு வகுப்பு நடக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் நாலு வருஷமாக வீட்டு முன்னறைதான் என் பயிற்சிக்கூடம். புத்தகம், யூடியூப், ஜூம் வகுப்பு என்று ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியரிடம் நமக்குக் கிடைப்பவை இரண்டு. ஒன்று பாடம். இன்னொன்று, நாம் செய்வதைப் பார்க்கிற கண். பாடம் இன்று எங்கும் இலவசமாகவே கிடைக்கிறது. கண்தான் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு வழி அந்தக் கண்ணுக்கு எவ்வளவு ஈடு தருகிறது என்பதை வைத்தே இங்கே எடை போடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. 'எங்கள் ஊரில் யாரும் இல்லை' என்று முடிவு கட்டும் முன் மனவளக்கலை மன்றம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டில் பல சிற்றூர்களில்கூட உண்டு. அங்கே சொல்லித்தருவது வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சி; அது கைப்பயிற்சியில் தொடங்கி உடல் தளர்த்தலில் முடியும். ஆசனம் கற்கத்தான் ஆசை என்றாலும், நேரில் ஒருவர் முன்னால் நின்று உடம்பை அசைத்துப் பழகுவது நல்ல ஆரம்பம்.

சரி, புத்தகம். யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா' 1966-ல் வந்தது. 200 ஆசனங்கள், சுமார் 600 படங்கள், ஒவ்வோர் ஆசனத்துக்கும் கடினத்தைக் காட்டும் எண், கடைசியில் 300 வாரப் பாடத்திட்டம். இதைவிட முழுமையான நூலைக் காட்டுவது கஷ்டம். ஆனாலும் தனியாகத் தொடங்குபவர் கையில் முதல் நாளே இதைக் கொடுக்க மாட்டேன். படத்தில் இருப்பது பல வருஷம் பழகிய உடம்பின் முடிவு நிலை; அங்கே போகும் வழியில் நம் முழங்கால் எங்கே முரண்டு பிடிக்கும் என்று படம் சொல்லாது. பாடத்திட்டத்தின் தொடக்க வாரங்களிலேயே தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனமும், காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனமும் வந்துவிடுகின்றன. நாற்பது வயதுக்காரர் கழுத்துக்கு, பக்கத்தில் ஆள் இல்லாமல், அது வேண்டாத சோதனை. ஒரு வருஷம் பழகிவிட்டு அதே புத்தகத்தைத் திறந்தால் கதையே வேறு. நிற்கும்போது பாதத்தின் எந்தப் பகுதியில் எடை விழ வேண்டும் என்ற ஒரு வரி அப்போதுதான் உடம்புக்குப் புரிகிறது.

தொடக்கத்துக்கு நான் சொல்வது பீகார் யோகப் பள்ளியின் சுவாமி சத்யானந்த சரஸ்வதி எழுதி 1969-ல் வெளிவந்த 'ஆசன பிராணாயாம முத்ரா பந்தா'. அதில் வரும் பவனமுக்தாசன வரிசை தரையில் உட்கார்ந்து கால்விரலை மடக்குவதில் ஆரம்பிக்கிறது. அப்புறம் கணுக்கால், முழங்கால், இடுப்பு, விரல், மணிக்கட்டு, தோள், கழுத்து. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். மூட்டு இறுகிப் போனவர்களுக்கு இதுதான் நிஜமான ஆரம்பம். பார்க்கும் கண் இல்லாவிட்டாலும் இதில் பெரிதாகத் தவறு செய்ய வழியில்லை.

வீடியோவுக்கு வருவோம். பெரும்பாலோர் தொடங்குவது இங்கேதான், நானும் அப்படித்தான். காசு இல்லை, தமிழிலேயே கிடைக்கிறது, அசைவு எப்படி ஓடுகிறது என்று தெரிகிறது. சிக்கல் நம் கண் எங்கே இருக்கிறது என்பதில். ஆசனம் பிடித்தபடியே திரையைப் பார்க்க முடியாது. சர்வாங்காசனத்தில் கால் மேலே இருந்தபோது வீடியோவில் இருந்தவர் கைகளைப் பற்றி ஏதோ சொன்னார். என்னவென்று பார்க்கத் தலையைத் திருப்பினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. நாலு நாள் யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்பினேன். அந்த ஆசனத்தில் கழுத்தை எந்தப் பக்கமும் திருப்பவே கூடாது என்பது முதல் பாடம். எனக்கு அது வலியாகத்தான் வந்தது.

இன்னொரு சிக்கல் வகைவகையாகக் கிடைப்பது. இன்று முதுகுவலிக்கு, நாளை தொப்பைக்கு, மறுநாள் தூக்கத்துக்கு என்று தாவினால் எதுவுமே உடம்பில் படியாது. அதனால் வீடியோதான் என்றால், மாறாத ஒரே வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்வதேச யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் தயாரித்த பொது யோகப் பயிற்சி முறை சுமார் 45 நிமிடம். தளர்வுப் பயிற்சி, தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம், புஜங்காசனம், சவாசனம், பிராணாயாமம், தியானம் என்று ஒழுங்காகப் போகும். யாருக்கு எது கூடாது என்ற குறிப்பும் உண்டு. முதல் இரண்டு நாள் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. மூன்றாம் நாளிலிருந்து போனைக் கவிழ்த்து வைத்து, குரலை மட்டும் கேட்டுச் செய்யுங்கள்.

ஆப்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நினைவூட்டும், நாள் கணக்கு வைக்கும். பார்க்கிற கண் விஷயத்தில் வீடியோவைவிட ஒரு படிகூட மேலே இல்லை.

நேரலை வகுப்பில்தான் கண் வருகிறது, அதுவும் எல்லா வகுப்பிலும் இல்லை. முப்பது கட்டங்கள் நிறைந்த திரையில் ஆசிரியருக்கு நாம் ஒரு தீப்பெட்டி அளவு. அது காசு கொடுத்துப் பார்க்கும் வீடியோதான். ஐந்தாறு பேர் இருந்தால் பரவாயில்லை. தனி வகுப்பு என்றால் நிலைமை தலைகீழ். எட்டு மாதம் வீடியோ பார்த்துப் பழகிய பிறகு தமிழில் நடந்த ஒரு தனி வகுப்பில் உட்கார்ந்தேன். கை தூக்கிய இரண்டாவது தடவையே அந்த அம்மா, "மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கீங்க, விடுங்க" என்றார். எட்டு மாதமாக அப்படித்தான் செய்திருக்கிறேன். சொல்ல ஆளில்லை. போனை இடுப்பு உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்து, ஏழெட்டு அடி தள்ளி, விரிப்பைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டால் அவர்களுக்குப் பக்கவாட்டும் தெரியும், முன்பக்கமும் தெரியும்.

தனி வகுப்பு வாரம் மூன்று நாள் எடுக்க எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. எடுக்கவும் வேண்டியதில்லை. ஐயங்காருக்கு மைசூரில் ஆசனம் சொல்லித்தந்த கிருஷ்ணமாச்சார்யா பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்தபோது ஆளுக்கேற்றபடி தனித்தனியாகச் சொல்லித்தந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அதே வழியில் வந்தது. அந்த மரபில் ஆசிரியர் நம்மைப் பார்த்து, நமக்கென்று ஒரு வரிசை எழுதித் தருவார். வீட்டில் அதையே செய்துவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். ஆசிரியர் இல்லாத ஊருக்கு இதைவிடப் பொருந்தும் முறை எனக்குத் தெரியவில்லை. நானும் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தனி வகுப்பு மட்டும் எடுக்கிறேன்.

ரத்த அழுத்தம், கண் அழுத்தம், கழுத்து அல்லது முதுகுத் தட்டுப் பிரச்சினை, குடலிறக்கம், கர்ப்பம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, இவற்றில் ஏதாவது இருந்தால் புத்தகம், வீடியோ இரண்டையும் தள்ளி வையுங்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு, தனி வகுப்பில்தான் தொடங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

இளவயது, உடம்பில் கோளாறு இல்லை, செலவழிக்கக் காசும் இல்லை என்றால் பவனமுக்தாசன வரிசை ஒரு மாதம், அப்புறம் பொது யோகப் பயிற்சி முறை. வாரம் ஒரு நாள் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, முன்பக்கமும் பக்கவாட்டிலும் உங்களையே படம் எடுத்துப் பாருங்கள். ஒரு காலை முன்னால் மடக்கி நிற்கும் வீரபத்ராசனத்தில் மடங்கிய முழங்கால் உள்பக்கம் சரிகிறதா, குனியும்போது இடுப்பிலிருந்து குனிகிறீர்களா அல்லது முதுகு மட்டும் கூனுகிறதா, முகம் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகக் கிடைக்கிற கண் இது ஒன்றுதான்.

விரிப்பு விஷயமும் உண்டு. உட்கார்ந்தும் படுத்தும் செய்பவற்றுக்கு வீட்டில் இருக்கும் பவானி ஜமுக்காளமே போதும். டைல்ஸ் தரையில் நின்று செய்யும்போது அது வழுக்கும். அதற்கு ரப்பர் மேட்தான்.

என் வரிசை முன்னறைச் சுவரில் காலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. அரைப்பக்கத் தாளில் பென்சிலால் போட்ட ஒன்பது குச்சி உருவங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை தடவை, எப்போது மூச்சை இழுப்பது, எப்போது விடுவது என்ற குறிப்பு. மொத்தம் இருபது நிமிடம். ஐந்தாவது உருவத்தின் முழங்கால் பக்கத்தில் போன மாதத் தனி வகுப்பில் ஒரு வட்டம் போட்டு "மெதுவா" என்று எழுதச் சொன்னார்கள். வீடியோவில் கிடைக்காதது அந்த ஒரு சொல்தான்.