பம்பர் உரசலா, எஞ்சினுக்குள் தண்ணீரா?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் என்று அடிக்கடி போய்வரும் நம்மூர்க்காரர்கள், கார் காப்பீட்டு பாலிசி புதுப்பிக்கும்போது கேட்பது இதுதான்: முழுக் காப்பீட்டோடு கூடுதலாக ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பு) போடவா, எஞ்சின் பாதுகாப்பு போடவா? சட்டப்படி கட்டாயம் என்பது மூன்றாம் நபர் காப்பீடு. இவை இரண்டும் நம் விருப்பம்.

எதற்கு உதவும்?
ஜீரோ டெப்: சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50%, ஃபைபருக்கு 30% தேய்மானம் என்று கிளெய்ம் தொகையில் கழிப்பார்கள். இதைப் போட்டால் அந்தக் கழிவு இல்லை. மலை வளைவில் லாரி உரசிப் பம்பர் போனால் அருமை தெரியும்.
எஞ்சின் பாதுகாப்பு: வெள்ளச் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடே ஏற்கும். ஆனால் தேங்கிய நீரில் ஓட்டியோ, நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தோ எஞ்சின் கெட்டால், 'பின்விளைவுச் சேதம்' என்று தள்ளிவிடுவார்கள். அந்த ஓட்டையை அடைப்பது இது. இதிலும் தண்ணீரில் நின்று திரும்பத் திரும்பச் சாவி திருகினால் சில நிறுவனங்கள் மறுக்கும். பேசாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

கட்டுப்பாடு?
ஜீரோ டெப்: பெரும்பாலும் 5 ஆண்டுக்குட்பட்ட கார், ஆண்டுக்கு இத்தனை கிளெய்ம் என்று வரம்பும் இருக்கும்.
எஞ்சின் பாதுகாப்பு: இதற்கும் வயது வரம்பு உண்டு.

எதைப் போட்டாலும் 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்துதான்.

புது வண்டி, புதிதாக ஓட்டுகிறவர் என்றால் ஜீரோ டெப். ஓட்டிப் பழகிய கை, ஆனால் ஜூன், ஜூலையில் மழைநீர் தேங்கும் குட்டநாடு (ஆலப்புழை அருகே) பக்கம் போகிற பிழைப்பு என்றால் எஞ்சின் பாதுகாப்பு. கார் தென்காசியைத் தாண்டாது என்றால் எஞ்சினுக்குக் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன்.