மர வள்ளமா, பைபர் போட்டா?

திருகோணமலையில் புதிதாகத் தொழிலுக்கு இறங்கும் தம்பிமார் பலர் கேட்கும் கேள்வி இது. என் பதில் பைபர்தான். ஆனால் மரத்தை மட்டமாகப் பேச மாட்டேன், ஏனென்றால் மரமே ஒரு கலப்புப் பொருள்: செல்லுலோஸ் நாரை லிக்னின் என்ற பசை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பைபரில் அந்த நார் கண்ணாடி, பசை பாலியெஸ்டர் ரெசின், அவ்வளவுதான். மரத்தில் நார் எந்தப் பக்கம் ஓடும் என்பது மரம் வளர்ந்த விதம். பைபரில் அதை நாமே தீர்மானிக்கிறோம், அடி உரசும் இடத்துக்கும் எஞ்சின் மாட்டும் பின்பக்கத்துக்கும் இரண்டு மூன்று மெட் (கண்ணாடி நார் விரிப்பு) கூட்டிப் போடலாம்.

மாமாவின் பழைய வள்ளத்தில் அடிப்பலகை ஒன்றைக் கழற்றினோம். வெளியே பெயின்ட் கலையாமல் இருந்தது, உள்ளே கடற்புழு துளைத்துத் துளைத்து, கையால் அழுத்தவே நொறுங்கிவிட்டது. பைபருக்கு இந்தப் புழுத் தொல்லை கிடையாது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், முட்டி வெடித்தாலும் ஓடாவியை (வள்ளம் கட்டும் தச்சரை) தேடி அலைய வேண்டாம்: உடைந்த இடத்தை நன்றாகக் காயவிட்டு, சுரண்டி, மெட்டை வைத்து ரெசின் தடவ வேண்டும். 1 கிலோ ரெசினுக்கு அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 10 முதல் 20 கிராம், நம்ம ஊர் வெயிலுக்குக் குறைந்த அளவே போதும், கூடினால் பிரஷ் தடவி முடிக்கும் முன்பே இறுகிவிடும். வெள்ளை மெட் ரெசினைக் குடித்ததும் கண்ணாடி மாதிரித் தெளியும். எங்காவது வெள்ளையாகவே நின்றால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம், ரோலரால் உருட்டி வெளியேற்றுங்கள். நெடி கடுமை, மாஸ்க் போடாமல் செய்யாதீர்கள்.

இரும்பு, அலுமினியம்? தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இரும்பு 7.85, அலுமினியம் 2.7, பைபர் ஏறக்குறைய 1.5 முதல் 1.9. இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் உப்புத் தண்ணீரில் வேறு உலோகத்தோடு சேர்ந்தால் அரிக்கும். சின்னப் போட்டுக்கு இரண்டும் வேண்டாம்.

மரம் ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அது உயிர் சம்பந்தப்பட்டது. மர வள்ளம் தண்ணீர் நிரம்பினாலும் அனேகமாக மிதக்கும், பிடித்துக்கொண்டு கிடக்கலாம். பைபர் தண்ணீரை விடப் பாரம், காற்றுப் பெட்டியோ ஃபோமோ இல்லாவிட்டால் எஞ்சினோடு நேரே அடிக்குத்தான் போகும். பழையதாகிவிட்டால் பைபரை எரிக்கவும் கூடாது, மக்கவும் மக்காது, கரையிலேயே கிடக்கும். அதனால் போட் பார்க்கப் போகும்போது பெயின்டின் பளபளப்பை விடுங்கள், முதலில் காற்றுப் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் காசை எடுக்காமல் திரும்பி வாருங்கள்.