அலுமினியம் எண்டு காசு வாங்கிப்போட்டு இரும்பு அடிச்ச கதை

வானுக்குப் பின்னால சில்லுப் பெட்டி (ட்ரெயிலர்) கொளுவி ஓடுற ஆக்கள் ஒருக்கா வாசியுங்கோ.

என்ர பெட்டி நானே அடிச்சது. கலியாண வீடுகளுக்குச் சமையல் சாமான் ஏத்துறது. நேர்ச்சதுரம் எண்டதால மன்னார்ப் பக்கம் ஓடேக்க டீசலைக் குடிச்சுத் தள்ளும். 50இல போறதை 70இல இழுத்தா காற்றின்ர எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முன்பக்கத்தைக் கூராக்கு எண்டு சொல்லாத ஆளில்லை. முன்பக்கத்தில பெரும்பகுதி வானின்ர மறைவிலதானே போகுது! வில்லங்கம் பின்பக்கம். வெட்டிவிட்ட மாதிரி முடியிற இடத்தில காற்றுச் சுழண்டு பெட்டியைப் பின்னுக்கு இழுக்கும். அதால முன்விளிம்புகளை உருட்டி, பின்னுக்கு ஒடுங்கிப்போற வால் ஒண்டை அலுமினியத்தில அடிக்கச் சொல்லி ஒரு ஒட்டுவேலை (வெல்டிங்) கடையில குடுத்தன். 95,000 ரூபா, முழுக்காசும் முன்னுக்கே. பற்றுச்சீட்டும் கேக்கேல்லை. என்ர மடைத்தனம்.

சில்வர் பெயின்ற் அடிச்சுப் பளபளவெண்டு வந்துது. முதல் ஓட்டம் பூநகரிப் பாதையால. சங்குப்பிட்டிப் பாலத்தில ஏற சோளகக் காற்று வலப்பக்கத்தால ஒரு தள்ளுத் தள்ள, பெட்டி வாலாட்டத் தொடங்கினது. கண்ணாடியில பாத்தா ஒருக்கா இடப்பக்கம் தெரியுது, ஒருக்கா வலப்பக்கம். பிரேக்கை மிதிக்காமல் காலை மட்டும் மெல்ல எடுத்தன். தானா அடங்கினது. பக்கத்தில இருந்த மச்சான் பூநகரிச் சந்தி மட்டும் வாய் திறக்கேல்லை.

வீட்டை வந்து பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வாலில வைச்சன். டக்கெண்டு ஒட்டினது. இரும்பு! பெட்டியை வானோட மாட்டுற கொளுவியைக் கல்லொண்டில தராசு வைச்சு இறக்கிப் பாத்தன். மொத்தம் 800 கிலோ இருக்கேக்க கொளுவியில 80 இறங்கின பெட்டி. இப்ப 870, கொளுவியில வெறும் 30. கூடின பாரமெல்லாம் அச்சுக்குப் பின்னால. பத்திலொரு பங்கு மட்டில முன்னுக்கு இறங்காட்டி பெட்டி ஆடப் பாக்கும். உருட்டின விளிம்பைச் சுரண்டினா, தகரத்துக்கு மேல விரற்கடை மொத்தத்தில பட்டி, பெயின்ற் அடிக்க முதல் பூசுற பசை.

போய்க் கேட்டதுக்கு, "தம்பி, இரும்பெண்டா உறுதிதானே, உங்களுக்குத்தானே லாபம்" எண்டார் முதலாளி. சதமும் திருப்பித் தரேல்லை.

வாலை அறுத்துப்போட்டன். பெட்டி பழையபடி டீசல் குடிச்சுக்கொண்டு ஓடுது. ஆனா வாலோட எடுத்த படம் இன்னும் அவையின்ர கடை வாசலில தொங்குது. சில்வர் நிறப் பெட்டி, நீலத் தார்ப்பாய். கண்டா விளங்கிக்கொள்ளுங்கோ.