ஷார்ட் ஷிஃப்டர் என்று சொல்லி என் கியர் லிவரையே அறுத்து மாட்டினார்கள்

கியர் லிவர் வேலைக்கு யாரிடமாவது வண்டியை விடப் போகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புது ஷார்ட் ஷிஃப்டருக்கு (கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் லிவர் செட்) என்று முழுக் காசையும் வாங்கிக்கொண்டு, என் வண்டியோடு வந்த லிவரையே மேல்பக்கம் 3 சென்டிமீட்டர் அறுத்து, அடியில் ஒரு அலுமினிய வளையத்தை வைத்து மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அது தெரியாமல் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். கொடுத்த காசுக்கு நல்ல டயர் நான்கு வாங்கியிருக்கலாம். காசு போனால் போகட்டும், ஒரு வளைவில் கியர் நாப், அதாவது லிவர் உச்சியில் இருக்கும் கைப்பிடி, கையோடு கழன்று வந்ததை நினைத்தால்தான் இன்னமும் ஆத்திரம் அடங்கவில்லை.

வண்டி முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்களே, அந்த மாடல். 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர். இன்ஜினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ் நீளவாக்கில் படுத்திருக்கும், லிவர் நேராக அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டிகளில் இருப்பதுபோல் நடுவில் கேபிள் எதுவும் கிடையாது. அதனால்தான் இந்த வண்டியில் கியர் போடுவது அவ்வளவு சுகம். மணிக்கட்டை அசைத்தால் போதும், உள்ளே பல் பொருந்துவது விரலில் தெரியும்.

என் வண்டியில் அந்தச் சுகம் போய்விட்டிருந்தது. நியூட்ரலில் லிவர் தொளதொளவென்று ஆடும். மூன்றாவதைத் தேடித் துழாவ வேண்டியிருந்தது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டு, ஸ்போர்ட்ஸ் கார் வேலை மட்டுமே பார்க்கிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெயர் போடவில்லை. அவர்கள் செய்த வேலையை அடையாளம் கண்டுகொள்ளத் தேவையானது எல்லாம் கீழே இருக்கிறது.

அங்கே இருந்தவர் லிவரை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். தோல் உறையைக்கூடத் தூக்கவில்லை. "இது பழைய டிசைன் சார், லிவரே நீளம். கிட் போட்டா த்ரோ நாற்பது சதவீதம் குறையும்" என்றார். த்ரோ என்றால் கியர் மாற்றக் கை நகரும் தூரம். போனில் ஒரு பளபளப்பான கிட்டின் படத்தைக் காட்டினார். பொருள் வந்த பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வந்ததும் மாட்டிடுவோம் சார், நீங்க எதுக்கு அலையணும்" என்றார். சரி என்று முழுப் பணத்தையும் கட்டினேன். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை வண்டி கைக்கு வந்தது. லிவர் குட்டையாகத்தான் இருந்தது, மேலே கனமான ஒரு உலோக நாப். கியர் போட்டால் இறுக்கம். "புதுசு இல்லையா, ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். பழைய லிவர் எங்கே என்று கேட்டதற்கு, ஸ்கிராப்பில் போய்விட்டது என்று பதில். அதையும் நம்பினேன்.

முதல் வாரத்திலேயே காலருகே சூடு ஏற ஆரம்பித்தது. கியர்பாக்ஸ் ஓடும் அந்த நடு மேட்டிலிருந்து வெக்கை மேலே வந்தது, கூடவே ஒரு சன்னமான ஊளைச் சத்தம். அப்புறம் நாப் சுழல ஆரம்பித்தது. இறுக்குவேன், நாலு நாளில் திரும்பவும் தளரும். இதற்கெல்லாம் மேலாக, இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தது. இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கை நம்பி வரும்போது அப்படி நழுவினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டியைப் பிடித்து வைத்திருந்த ஒன்று சட்டென்று விட்டதுபோல் இருக்கும்.

அப்படி ஒரு நாள் வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கிறேன், நாப் மட்டும் கையில் இருக்கிறது. லிவர் நியூட்ரலில் நிற்கிறது. கண் ஒரு நொடி சாலையை விட்டுக் கைக்குப் போய்விட்டது. பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினேன். எதிரே யாரும் வரவில்லை. நல்ல நேரம், அவ்வளவுதான்.

நாப்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. உள்ளே மரை இல்லை. வெறும் துளை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழல், கழுத்தைச் சுற்றித் தலையில்லாத மூன்று குட்டி கிரப் ஸ்க்ரூ. மாஸ்டா லிவரின் உச்சியில் 10 மில்லிமீட்டர், 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) மரை இருக்கும், நாப் அதில் நேராகத் திருகி உட்காரும். ஹோண்டா என்றால் 10-க்கு 1.5, டொயோட்டாவிலும் சுபாருவிலும் பெரும்பாலும் 12-க்கு 1.25. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் நாப்பில்தான் இந்தக் குழலும் ஸ்க்ரூவும் வரும். அப்படிப்பட்ட நாப் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மரை உள்ள லிவருக்கு அது எதற்கு? என் லிவரின் உச்சியில் மரையே இல்லை, வழுவழுவென்று அறுத்த கம்பி. ஓரத்தில் அறுப்பு வட்டின் கோடுகள்கூடத் தேய்க்கப்படாமல் இருந்தன.

வொர்க்‌ஷாப்புக்குத் திரும்பிப் போனேன். நாப்பை மறுபடி இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டாவது நழுவுகிறது என்றேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "சிங்க்ரோ ரிங் போயிடுச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். கியர் பற்கள் பொருந்துவதற்கு முன் வேகத்தை ஒன்றாக்கும் வளையம் அது. அதற்குச் சொன்ன தொகை ஷிஃப்டருக்குக் கொடுத்ததைப்போல் பல மடங்கு. அன்று சரி என்று தலையாட்டியிருந்தால் நல்ல கியர்பாக்ஸைப் பிரித்திருப்பார்கள்.

பழைய வண்டிகளோடே வாழ்க்கையை ஓட்டிய ஒரு மெக்கானிக்கிடம் அங்கிருந்து நேரே போனேன். அவர் முதலில் செய்த வேலைக்கு ஸ்பேனரே தேவைப்படவில்லை. "இன்ஜினை அமத்திட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்க தம்பி" என்றார். இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது மட்டும் கியர் விழ முரண்டு பிடித்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். எம்எக்ஸ்-5-ல் பெடலை மிதித்தால் கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது அடிக்கடி நடப்பதுதான், அதன் ரப்பரை விலக்கினால் ஈரம் தெரியும். இன்ஜின் நின்றிருந்தும் கியர் சரியாக விழவில்லை என்றால் முதலில் லிவர் பக்கம் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஒன்று, மூன்று, ஐந்து சுத்தமாக விழுந்தன. பின்னால் இழுக்கும் இரண்டும் நான்கும் ரிவர்ஸும் அரைகுறையாகப் போய் எதிலோ இடித்து நின்றன. "சிங்க்ரோ போனா இப்படி இரும்புல இடிக்காது. நீங்களே கைய வச்சுப் பாருங்க" என்றார். டக், டக் என்று இரும்பில் இரும்பு தட்டியது.

நடு கன்சோலைக் கழற்றினோம். தோல் உறைக்குக் கீழே பெரிய ரப்பர் பூட் (மூடும் உறை), அதற்கு நான்கு போல்ட். அதற்கும் கீழே, கியர்பாக்ஸின் சூட்டையும் எண்ணெயையும் வெளியே விடாமல் மூடும் சின்ன பூட் ஒன்று உண்டு. அது இரண்டாகக் கிழிந்திருந்தது. கிழிசலில் சிலிக்கான் பசையைப் பிதுக்கி அடைத்திருந்தார்கள். சூடும் ஊளைச் சத்தமும் வந்த வழி அதுதான். மூன்று போல்ட்டைக் கழற்றி லிவரை வெளியே எடுத்தோம். லிவர் உட்காரும் கூட்டில் கொஞ்சம் கியர் ஆயில் நிற்க வேண்டும். இந்த வண்டியில் அது கீழே இருக்கும் 2 லிட்டர் ஆயிலோடு சேராத தனி எண்ணெய், நாம்தான் ஊற்ற வேண்டும். மெக்கானிக் அண்ணன் விரலை விட்டுத் தடவிக் காட்டினார். காய்ந்த கறுப்புப் பிசின் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த அலுமினிய வளையத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நிஜமான ஷார்ட் ஷிஃப்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் புரியும். லிவரின் நடுவில் ஒரு உருண்டை இருக்கிறது, அதுதான் அச்சு. அதற்கு மேலே உள்ள நீளம் கைக்கு, கீழே உள்ள நீளம் கியர்பாக்ஸுக்கு. உதாரணத்துக்கு மேலே 20, கீழே 5 சென்டிமீட்டர் என்றால், கீழே 1 நகர மேலே கை 4 நகர வேண்டும். நல்ல கிட்டில் உருண்டையை உயர்த்துவதற்கு ஒரு வளையமும், கீழ்ப்பகுதி நீளமான புது லிவரும் சேர்ந்து வரும். அச்சு 1 சென்டிமீட்டர் உயர்ந்தால் மேலே 19, கீழே 6. கை நகர வேண்டிய தூரம் சுமார் 21 சதவீதம் குறையும். அதற்கேற்பக் கைக்குப் பலமும் கூடுதலாகத் தேவைப்படும், அதை மறைத்து விற்கிறவரை நம்ப வேண்டாம்.

உருண்டை லிவரோடு சேர்ந்தது. கம்பெனி லிவருக்கு அடியில் வெறும் வளையத்தை வைத்தால் விகிதம் துளிகூட மாறாது. மொத்த லிவரும் மேலே ஏறும், அடி நுனி தன் குழியிலிருந்து பாதி வெளியே வந்து நிற்கும். என் வண்டியில் அப்படித்தான் நின்றது. மேலே ஏறியது வெளியே தெரியாமலிருக்க உச்சியை அறுத்துவிட்டார்கள். மேலே சொன்ன 20 சென்டிமீட்டர் கணக்கில் 3 சென்டிமீட்டர் அறுத்தால் 15 சதவீதம்தான் குறையும். நாற்பது குறைய வேண்டுமென்றால் 8 சென்டிமீட்டர் அறுக்க வேண்டும், லிவரில் மிச்சம் என்ன இருக்கும்?

வளையத்தின் துளையையும் சின்னதாகப் போட்டிருந்தார்கள். நாப்பைப் பின்னால் இழுத்தால் லிவரின் அடி முன்னால் போகும் அல்லவா, அது துளையின் விளிம்பில் போய் முட்டியிருக்கிறது. லிவரின் முன்பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு பளபளத்த தேய்மானம், வளையத்தின் விளிம்பில் அதற்கு நேராக ஒரு பள்ளம். இரண்டாவது கியர் பாதிப் பல்லில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அது நழுவாமல் என்ன செய்யும்? இதற்குத்தான் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்கள்.

கடைசியாக அண்ணன் லிவரின் அடி நுனியைக் காட்டினார். அந்தக் குண்டு முனையில் தொப்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் புஷ் மாட்டியிருக்க வேண்டும். பாதி உடைந்து, மீதி காகிதம்போல் தேய்ந்து கிடந்தது. "ஆரம்பத்துல தொளதொளன்னு ஆடுச்சுன்னு சொன்னீங்களே, இதுதான் தம்பி" என்றார். என் வண்டிக்கு ஷார்ட் ஷிஃப்டரே தேவைப்பட்டிருக்கவில்லை. ஒரு புஷ், ஒரு சின்ன பூட், கொஞ்சம் ஆயில், ஒரு மதிய நேரம். வொர்க்‌ஷாப்பில் லிவரை வெளியே எடுத்தவன் கண்ணில் அந்தப் புஷ் படாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. பார்த்துவிட்டுத்தான் அதையே திரும்ப உள்ளே விட்டிருக்கிறான். எனக்கு ஆறவே ஆறாதது அதுதான்.

அறுத்த லிவர், வளையம், கிழிந்த பூட் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். முதலில் அது அவர்கள் போட்டது இல்லை என்றார்கள். பில்லில் "ஷார்ட் ஷிஃப்டர் கிட் முழு செட்" என்று எழுதியிருந்ததைக் காட்டி, கிட் எந்தக் கம்பெனி, பார்ட் நம்பர் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியில் பாதிப் பணம் வந்தது. மீதிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஷார்ட் ஷிஃப்டர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒழுங்கான கிட்டை ஒழுங்காக மாட்டிய வண்டியை ஓட்டியிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. ஆனால் முதலில் புஷ்ஷை மாற்றி, ஆயில் ஊற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். கேபிள் வைத்த வண்டி என்றால் கேபிள் முனைகளில் உள்ள புஷ்களைப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் கிட்டை நீங்களே வாங்கி, பெட்டியோடு கையில் கொடுங்கள். புது லிவரின் அடிப்பகுதி பழையதைவிட நீளமாக இருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய லிவரை எப்படியும் திருப்பி வாங்கிவிடுங்கள். அதைத் தர மறுக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

உடைத்துப் பிரித்த ஒரு வண்டியிலிருந்து எனக்கு இன்னொரு கம்பெனி லிவர் கிடைத்தது. புது புஷ், புது பூட், புது ஆயில். அன்று மாலை மூன்றாவது தானாகவே போய் விழுந்தது, கையை எடுக்கவே மனம் வரவில்லை. ஆனால் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது லேசாகக் கரகரக்கிறது, முன்பு அது இருந்ததில்லை. இரண்டு மாதம் பாதிப் பல்லில் ஓடியதன் தழும்பு என்கிறார் அண்ணன், சூடு ஏறும்வரை பொறுமையாகப் போடச் சொல்லியிருக்கிறார்.

ஷார்ட் ஷிஃப்டர் போட்டுக்கொண்டு வந்த வண்டியில் நாப்பின் கழுத்தில் மூன்று குட்டி ஸ்க்ரூ இருந்தால், அடுத்த முறை எடுப்பதற்கு முன் நாப்பைக் கழற்றி லிவரின் உச்சியைப் பாருங்கள். மரை இருக்க வேண்டிய இடத்தில் அறுத்த தடம் இருந்தால், அடியில் உள்ளதையும் பிரித்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.