வட்டியில் பிடித்த வரி திரும்பி வரும்வரை

நிலையான வைப்பின் வட்டியில் வங்கி கழித்த வரியைத் திரும்பப் பெற முடியுமா என்று இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம். முடியும். அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் பார்க்க ஒரு கடதாசியும் பேனையும் போதும். அந்தப் பணத்துக்கு உரியவர் அம்மாதான் என்று காட்டுவதற்குத்தான் காலமெல்லாம் போனது. 2024இல் தொடங்கிய வேலை இது. முதல் ஆண்டுக்குரிய தொகை வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டுக்குரியது பரிசீலனையில் இருக்கிறது. இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த வரி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க உள்நாட்டு இறைவரித் திருத்தச் சட்டத்தின்படி, 2023 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வங்கிகள் வைப்பு வட்டியில் 5 சதவீதத்தைக் கழித்து அரசுக்குச் செலுத்தத் தொடங்கின. வட்டி பெறுபவர் வியாபாரியா, ஓய்வூதியரா, தனித்து வாழும் முதியவரா என்று அந்தக் கழிவு பார்க்கவில்லை. அதே நேரத்தில் தனிநபர் ஒருவருக்கு ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு அப்போது வரி இருக்கவில்லை. வரிக்கு உட்படாத வருமானம். ஆனால் வரி கழிக்கப்பட்ட வட்டி. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள்தான் மீளளிப்பு, அதாவது கழித்த வரியைத் திருப்பித் தரும்படி, கோர வேண்டியவர்கள்.

அம்மா அரச பாடசாலையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை. எனவே கணக்கில் சேர்வது, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையை வைப்பிலிட்டதால் வரும் வட்டி மட்டுமே. 2023இன் தொடக்கத்தில் ஓராண்டு வைப்புக்கு 20 சதவீதமும் அதற்கு மேலும் வட்டி கொடுத்தார்கள், பலருக்கும் நினைவிருக்கும். 20 இலட்சம் ரூபாய் வைப்பென்றால் வட்டி 4 இலட்சம், கழித்த வரி 20,000. வருமானமோ 12 இலட்சத்துக்குப் பக்கத்திலும் போகவில்லை. ஆகவே 20,000 ரூபாயும் அப்படியே திரும்பி வர வேண்டும். எங்கள் தொகையும் ஏறக்குறைய இந்த அளவுதான். “அலைச்சல் பிள்ளை, விட்டுவிடு” என்றார் அம்மா. விட்டுவிடுகிற தொகையா அது? அவருடைய மருந்துக் கணக்கை எழுதுபவள் நான்தான்.

கோரிக்கைக்கு முதல் தேவை டின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். 2024 தொடக்கத்தில், 18 வயதைக் கடந்த எல்லோரும் பதிவு செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது ஊரிலுள்ள கொமியூனிகேஷன் கடைகளில் கூட்டம் அலைமோதியது. எங்கள் வீதியில் இருக்கும் மாமி ஒருவர் கடைக்காரப் பையனின் மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தே பதிவு செய்துகொண்டார். பையன் பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். மாமிக்கு வர வேண்டிய குறுஞ்செய்திகள் இப்போது எந்தப் பாலைவனத்தில் ஒலிக்கின்றனவோ தெரியவில்லை. அம்மாவின் பதிவில் என் இலக்கத்தைக் கொடுத்தேன். இணையவழிச் சேவைக்குள் நுழைய வரும் குறியீடும், கோரிக்கை பற்றிய செய்திகளும் அந்த இலக்கத்துக்குத்தான் வரும் என்பதால், இதைச் சின்ன விடயமாக எண்ண வேண்டாம்.

டின் கிடைத்தபின் வங்கியிடமிருந்து, கழித்த வரிக்கான சான்றிதழை வாங்க வேண்டும். அதை வைத்து வருமான விபரத்திரட்டை, அதாவது ஆண்டு வருமானத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் படிவத்தை, நிரப்பி மீளளிப்பைக் கோர வேண்டும். மார்ச் 31இல் முடியும் வரி ஆண்டுக்கான விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசித் திகதி. இவற்றை நான் வரிசைப்படி செய்து முடித்தேன். பிறகுதான் கேள்வி வந்தது: டின் பதிவில் இருக்கும் பெண்ணும் வங்கிச் சான்றிதழில் இருக்கும் பெண்ணும் ஒருவரா?

கேள்வி நியாயமானது. சான்றிதழில் அம்மாவின் பழைய அடையாள அட்டை இலக்கம். டின் பதிவில் புதிய இலக்கம். சான்றிதழில் அம்மாவின் தந்தையுடைய பெயரின் முதலெழுத்து. டின் பதிவில் என் அப்பாவின் பெயர். முகம் தெரியாத ஒருவர் இந்த இரண்டு கடதாசிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் என்றுதான் நினைப்பார். அடுத்தவர் வரியைத் தன்னுடையதென்று சொல்லி வாங்கிச் செல்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். கோப்பைப் பார்த்த உத்தியோகத்தர் கேட்காமல் விட்டிருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

இலக்க விவகாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு இது விளங்காமலேயே கவுண்டர்களில் வாக்குவாதம் நடக்கிறது. பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களானால் அதனுடன் 500 கூட்டப்படும். மிகுதி தொடர் இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள், எழுத்து கிடையாது. பழையதைப் புதியதாக மாற்றும்போது முன்னால் 19 சேரும், நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு சுழியம் நுழையும், எழுத்து விழுந்துவிடும். அவ்வளவுதான். இதைத் தெரிந்தவர் இரண்டையும் பார்த்தவுடன் ஒரே ஆள் என்று சொல்லிவிடுவார். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு கோவைகள்.

பெயர் அதைவிடக் கடினம். நம்முடைய பெண்களுக்குப் பிறக்கும்போது தந்தையின் பெயர் முன்னால் நிற்கிறது. திருமணத்தின்பின் அந்த இடத்தில் கணவனின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எல்லாப் பத்திரங்களிலும் ஒரே நாளில் இந்த மாற்றம் நிகழ்வதுமில்லை. அம்மா திருமணத்துக்கு முன்பே ஆசிரியையாக நியமனம் பெற்றவர். எனவே சேவைக் கோப்பு, ஓய்வூதியக் கோப்பு, சம்பளத்துக்காகத் திறந்த வங்கிக் கணக்கு எல்லாம் தாத்தாவின் பெயரோடு. பின்னாளில் எடுத்த அடையாள அட்டை அப்பாவின் பெயரோடு. முப்பது வருடத்துக்கு மேலாக இரண்டும் சண்டையின்றி வாழ்ந்தன. கணவனின் பெயரை ஏற்பதா வேண்டாமா என்று இன்றைய பெண்கள் விவாதிப்பதைக் கேட்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது: எதையாவது ஒன்றைத் தெரிவுசெய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

இரண்டு பெயர்களையும் இணைக்கும் பத்திரம் ஒன்றே ஒன்றுதான், திருமணச் சான்றிதழ். எங்கள் வீட்டுப் பிரதி 2004 டிசம்பர் 26 அன்று கடலோடு போய்விட்டது. கல்லடி, நாவலடி, திருச்செந்தூர்ப் பக்கத்தில் இது புதுக்கதையல்ல. பெட்டியோடு போனது, அலுமாரியோடு போனது, வீட்டோடு போனது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். சுனாமிக்குப் பின் அடையாள அட்டையைப் பலர் உடனே எடுத்துக்கொண்டார்கள், அது இல்லாமல் வீதியில் இறங்க முடியாத காலம் அது. திருமணச் சான்றிதழைக் கேட்க எவரும் வராததால் அது எங்களிடம் இல்லை என்பதே மறந்துபோயிருந்தது. பிரதேச செயலகத்தில் பதிவுப் பிரதிக்கு விண்ணப்பித்தோம். திருமணம் நடந்த ஆண்டும் பதிவாளர் பிரிவும் தெரிந்திருந்ததால் பிரதி சிரமமின்றிக் கிடைத்தது. நான் பார்த்த அத்தனை அலுவல்களிலும் மனநிறைவோடு திரும்பிய அலுவல் இதுதான்.

அதனுடன் கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒன்று, பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன். சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி: இன்ன பெயரிலும் இன்ன பெயரிலும் குறிப்பிடப்படுபவர் நான் ஒருவரே. எழுபதைக் கடந்த அம்மா அதில் கையொப்பமிடுமுன் இரண்டு முறை வாசித்தார். “நான் நான்தான் என்று சத்தியம் செய்ய வேண்டி வந்துவிட்டதா?” என்று கேட்டார். நீதவான் சிரித்தார். அவரும் அம்மாவிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவராம், “ரீச்சரைத் தெரியாதவர் யார்” என்றார். தெரிந்தாலும் முத்திரை குத்தித்தான் ஆக வேண்டும்.

உண்மையான எரிச்சல் வங்கியில் காத்திருந்தது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஊரிலுள்ள எந்த வங்கியிலும் இது நடக்கலாம் என்றுதான் மற்றவர்கள் பேச்சிலிருந்து விளங்குகிறது. சான்றிதழில் புதிய இலக்கத்தையும் தற்போதைய பெயரையும் போட்டுத் தாருங்கள் என்றேன். கணக்குத் திறந்தபோது கொடுத்த விபரம் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். வைப்பைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் புதிய அட்டையைப் போட்டோ பிரதி எடுத்துக் கோப்பில் வைத்தார்களே, அது என்ன ஆனது? பிரதி கோப்பில் பத்திரமாக இருந்தது. கணினிக்குள் எவரும் ஏற்றவில்லை. திருத்தப் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். அது கொழும்புக்குப் போயிருக்கிறது என்றார்கள். பிறகு, கையொப்பம் பழைய அட்டையிலுள்ளதுபோல் இல்லை என்று திரும்பி வந்தது. அம்மாவின் கை இப்போது நடுங்குகிறது, முப்பது வயதில் போட்ட கையொப்பத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்? மறுபடி கொடுத்தோம். அதைப் பார்க்கும் உத்தியோகத்தர் லீவு. அடுத்த முறை, அவர் இடமாற்றம். கல்லடிப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வங்கியை நினைத்துப் பெருமூச்சு விடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

கடைசியில் முகாமையாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகப் பிரதியில் திகதி முத்திரை வாங்கினேன். அதன்பின் திருத்தம் மளமளவென்று நடந்தது. வாய்ச்சொல்லாகக் கேட்ட எதற்கும் எந்தப் பதிவும் இல்லை. கடிதத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அலுவலகங்களில் பல வருடம் குப்பை கொட்டியவர்கள் இதை முதல் நாளிலேயே செய்வார்கள்.

ஆவணங்கள் முழுவதும் போய்ச் சேர்ந்தபின்னான காத்திருப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மாரி மழை பிடித்தது, வாவி நிரம்பி வழிந்தது, மழை விட்டது, பணம் வந்தது. இடையில் ஓரிரு தடவை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 என்ற அழைப்பு இலக்கத்துக்குப் பேசினேன். தமிழில் பேசலாம். டின் இலக்கத்தையும், எந்த வரி ஆண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு சுருக்கமாக முடிகிறது.

இரண்டாம் ஆண்டுக் கோரிக்கையில் அடையாளம் பற்றி எவரும் ஒன்றும் கேட்கவில்லை. சான்றிதழும் டின் பதிவும் இப்போது ஒத்துப்போகின்றன. முதல் ஆண்டில் செய்த திருத்தம்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே இனித் தொடங்குபவர்களுக்கு என் யோசனை: விபரத்திரட்டைத் தொடுமுன் வங்கிக்குப் போங்கள். சான்றிதழை வாங்கியதும் கவுண்டரைவிட்டு நகராமல் பெயர், அடையாள அட்டை இலக்கம், டின் மூன்றையும் பாருங்கள். ஒன்று பிசகினாலும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, திருத்திய சான்றிதழோடு மட்டும் கோரிக்கையை அனுப்புங்கள். கழித்த தொகை சில ஆயிரங்கள்தான் என்றால், அதற்காக முதியவர் ஒருவரை வெயிலில் அலைக்கழிப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. ஆனால் பெயர்த் திருத்தத்தை எப்படியும் செய்துவிடுங்கள். நாளைக்கு வைப்பை எடுக்கவோ பின்னுரித்தாளருக்கு மாற்றவோ போகும்போது இதே கேள்விதான் வரும்.

2025 ஏப்ரலிலிருந்து நிலைமை மாறிவிட்டது. வட்டியில் கழிக்கும் வரி 10 சதவீதமாகிவிட்டது. வரியில்லாத வருமான எல்லை 18 இலட்சமாக உயர்ந்தது. முக்கியமானது மூன்றாவது மாற்றம்: ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கிக்கு ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் வரியைக் கழிக்கமாட்டார்கள். கழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் சுற்றுவேலையே தேவையில்லை. 2023இல் இது இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திராது. படிவத்தில் எங்கள் வங்கி டின் இலக்கத்தையும் கேட்டது, எனவே பதிவு செய்யாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதை முடித்துவிடுங்கள். வைப்பு பல வங்கிகளில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அக்காவின் மாமியார் ஒரு வங்கிக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். மற்ற வங்கி தன்பாட்டுக்குக் கழித்துக்கொண்டிருந்தது.

மீளளிப்பாக வந்த பணத்தை என்ன செய்யலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். மருந்துக்கு வைத்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். “வைப்பில் போட்டுவிடு” என்றார். போட்டோம், படிவத்தோடு சேர்த்து.