லீட் ஸ்க்ரூ: லேத்தில் வெட்டுவதா, உருட்டியதை வாங்குவதா, அரைப்பதா?

லீட் ஸ்க்ரூ என்பது, சுழலும்போது தன்மேல் உள்ள நட்டை நேர்கோட்டில் நகர்த்தும் நீளமான மரை ராட். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வெட்டிய லீட் ஸ்க்ரூதான் துல்லியம், டையில் அழுத்தி உருட்டியது மட்டமானது என்ற நம்பிக்கை பட்டறைகளில் இன்னும் பலமாக இருக்கிறது. பெரும்பாலான வேலைகளுக்கு இது தவறு. 20 மிமீ விட்டம், 4 மிமீ பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்), 30 டிகிரி ட்ரெபிசாய்டல் (சரிவக வடிவ) மரை, 1 மீட்டர் நீளம் என்று ஒரே ஸ்க்ரூவை வைத்து எல்லா முறைகளையும் பார்ப்போம்.

லேத் வேலையில் மரையின் ஆழம் 2.25 மிமீ, டூல் நுனியின் அகலம் 1.33 மிமீ. மரை ஏறும் கோணம் சுமார் 4 டிகிரி. அதனால் டூல் நகரும் திசையில் உள்ள பக்கத்துக்கு 7, 8 டிகிரி கிளியரன்ஸ் (உரசாமலிருக்க விடும் சாய்வு) கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் டூல் வெட்டாமல் உரசும், மரையின் ஒரு பக்கம் மட்டும் கிழிந்து நிற்கும். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் 190 ஆர்பிஎம் ஓட்டினால் ஒரு பாஸுக்கு, அதாவது முனையிலிருந்து முனை வரை ஒரு வெட்டுக்கு, 80 விநாடி ஆகும். முதல் பாஸ் 0.15 மிமீ ஆழம், கடைசி பாஸ்கள் 0.03 என்று இறங்கினால் 25 பாஸ் வரை போகும். ஹாஃப் நட்டை (லேத்தின் லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் இரு பாதி நட்டை) திறக்காமல் ரிவர்ஸில் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

நீளம் விட்டத்தைப் போல 50 மடங்கு இருப்பதால் டிராவலிங் ஸ்டெடி (டூலோடு நகர்ந்து ராடைத் தாங்கும் பிடி) கட்டாயம் தேவை. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் மரை உச்சியில் பிசிறு எழும். அதை அரத்தால் எடுக்காவிட்டால் பிசிறு ஸ்டெடியின் தாடையில் ஏறி ராடை டூல் பக்கம் தள்ளும், அந்த இடத்தில் மட்டும் ஆழம் கூடிவிடும். நட்டைப் போட்டு ஓட்டும்போது நடுவில் லூசும் ஓரங்களில் இறுக்கமும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று பிரைட் பார். குளிரில் இழுத்த கம்பியின் தோலில் இழுவிசை தங்கியிருக்கும். மரை வெட்டித் தோலைத் திறந்ததும் ராட் வில்லாக வளையும். வெட்டுவதற்கு முன்பே 550 முதல் 600 டிகிரியில் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், லேத் தன் சொந்த லீட் ஸ்க்ரூவின் பிழையை அப்படியே நகலெடுக்கும். சின்ன வேலைகள் எல்லாம் சக் (ராடைப் பிடிக்கும் தலை) பக்கமே நடப்பதால் பழைய லேத்தில் தேய்மானமும் அங்கேதான் அதிகம். சூடும் சேர்ந்துகொள்ளும்: வெட்டும்போது ராட் 10 டிகிரி சூடாக இருந்தால், ஆறியபின் 1 மீட்டரில் 0.11 மிமீ குறைந்துவிடும்.

ரோலிங்கில், அதாவது உருட்டும் முறையில், உலோகத்தை வெட்டி எடுப்பதில்லை. ஏறக்குறைய பிட்ச் விட்டமான (உச்சிக்கும் அடிக்கும் நடுவிலான விட்டம்) 18 மிமீ பிளாங்கை (மரை போடாத ராடை) மரை வடிவம் கொண்ட இரண்டு டைகளுக்கு நடுவே அழுத்தி உருட்டினால், பள்ளத்தில் இருந்த உலோகம் உச்சிக்கு ஏறும். மரையின் பக்கங்கள் பாலிஷ் போட்டதுபோல் வழவழப்பாகவும் இறுகியும் இருக்கும். பித்தளை, வெண்கல நட்டுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது. நீளமான ராடும் சில நிமிடங்களில் முடியும். கண்டிப்பு முழுவதும் பிளாங்க் விட்டத்தில்தான். அது 0.05 மிமீ கூடினால் வெளிவிட்டம் அந்த அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு கூடிவிடும், டையும் நெரிந்து உடையும். கந்தகம் கலந்த ஃப்ரீ கட்டிங் ஸ்டீலை உருட்டினால் செதில் செதிலாக உரியும். உச்சியின் நடுவே மெல்லிய மடிப்புக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரு பக்க உலோகமும் சந்தித்த இடம் அது, சுமை அங்கே வருவதில்லை. தடை ஒன்றுதான்: அளவுக்கு ஒரு டை வேண்டும். பத்து ராடுக்காக யாரும் டை செய்யமாட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது வேர்லிங். உள்பக்கம் இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டுமுனை) பொருத்திய வளையம் ராடைச் சுற்றி வேகமாகச் சுழலும், ராட் மெதுவாகத் திரும்பும், முழு ஆழமும் ஒரே பாஸில் வெட்டப்படும். வெட்டு நடக்கும் இடத்திலேயே ராடைத் தாங்குவதால் ஒல்லியான ராடும் அதிராது. கடினமாக்கிய ஸ்டீலையும் வெட்டலாம். தலையை மரைக் கோணத்துக்குச் சரியாகச் சாய்க்காவிட்டால் மரை வடிவமே கெட்டுவிடும். மெஷின் விலை அதிகம் என்பதால் ஜாப் வொர்க்காகக் கொடுப்பதே வழி.

கிரைண்டிங், அதாவது அரைப்பது, பெரும்பாலும் பால் ஸ்க்ரூவுக்கு (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) உரியது. ஜப்பானியத் தரப்படி சி5 என்றால் 300 மிமீக்கு 18 மைக்ரான் பிழை, சி7 என்றால் 50, சி10 என்றால் 210. சி7, சி10 இரண்டும் உருட்டியே கிடைக்கும். சி5 அல்லது அதைவிடத் துல்லியம் என்றால்தான் அரைப்பதற்குக் காசு கொடுக்கலாம். வெண்கல நட்டில் 0.1 மிமீ ஆட்டம் வைத்துக்கொண்டு அரைத்த ஸ்க்ரூ கேட்பது வீண்.

ஆக, வழக்கமான அளவு என்றால் உருட்டிய ராடை வாங்குங்கள். பழைய மெஷினுக்கு மாற்று, விசித்திரமான பிட்ச், ஒன்றிரண்டு எண்ணிக்கை என்றால் கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ நல்ல லேத் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய ராடின் முனையைக் கடைவதிலும் கவனம் வேண்டும். மூன்று தாடைச் சக்கில் மரையை நேராகப் பிடித்தால் உச்சி நசுங்கும். உள்ளே அதே மரை வெட்டி, ஒரு பக்கம் பிளந்த புஷ்ஷைப் போட்டுப் பிடித்து, டயல் கேஜில் ஆட்டத்தை 0.03 மிமீக்குள் கொண்டுவந்த பிறகு கடையுங்கள். பேரிங்கின் உள்விட்டம் 12 மிமீ என்றால் நிம்மதி. மரையின் அடிவிட்டம் 15.5தான், டாலரன்ஸில் 15க்குக் கீழும் இறங்கலாம். 15 மிமீ பேரிங் வைத்தால் உட்காரும் இடத்தில் மரைத் தடம் மிச்சமிருக்கலாம்.