எஸ்எம்பிஎஸ் நல்லதுதான், மின்சாரம் இருக்கும் வரை

என் கணினியில் உள்ள அதே பாகங்களின் பட்டியலை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ரைசன் 5 5600 பிராசஸரையும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டையும் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் 650 வாட் கோல்டு (மின்திறன் தரச்சான்று) எஸ்எம்பிஎஸ் பற்றித்தான் சொல்லியாக வேண்டும். இதுவரை மக்கர் செய்யாத பாகமும் அதுதான், எனக்கு எரிச்சலூட்டிய பாகமும் அதுதான்.

சுமை குறைவாக இருக்கும்போது அதன் விசிறி சுழல்வதே இல்லை. சித்திரை வெயிலில் வீடியோ ரெண்டர் ஓடும்போதும் வெளிவரும் காற்று வெதுவெதுப்பைத் தாண்டாது. வேண்டாத கேபிள்களைக் கழற்றிவிடலாம் என்பதால் கேபினட்டைத் துடைப்பதும் எளிது.

ஆனால் கரண்ட் போனால், யுபிஎஸ் 'டக்' என்று பேட்டரிக்கு மாறுகிறது, மானிட்டர் அணைவதில்லை, கேபினட் மட்டும் அடங்கிப்போய்த் திரையில் 'நோ சிக்னல்' மிதக்கிறது. பிரவுசர் மட்டும் திறந்திருந்தால் இப்படி நடக்காது என்பதால், கடைக்காரரிடம் இதை நிரூபிக்கவும் முடியவில்லை.

யுபிஎஸ் மாறும் நேரத்தில் சிக்கல் இல்லை. அது பெரும்பாலும் 10 மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும், நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். சிக்கல் அதன் பிறகு வருகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னழுத்த அலைக்கு ஏற்ப மின்னோட்டத்தை இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ், சீராக வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையை எதிர்பார்க்க, மலிவான 600 விஏ யுபிஎஸ் படிக்கட்டு போல ஏறி இறங்கும் அலையைத் தருகிறது. அந்த அலையில் மின்னழுத்தம் பூஜ்யமாக நிற்கும் இடைவெளியைத் தாண்டியதும் எஸ்எம்பிஎஸ் மின்னோட்டத்தை மொத்தமாக இழுக்க, இரண்டில் ஒன்று கைவிரித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, யுபிஎஸ் பெட்டியில் 600 விஏ கொட்டை எழுத்திலும், உண்மையில் கிடைக்கும் 360 வாட் பொடி எழுத்திலும் இருக்கின்றன. இதை நேர்மை என்று யார் சொல்வார்கள்?

நியாயமாகப் பார்த்தால் எஸ்எம்பிஎஸ் மீது குற்றமில்லை. பியூர் சைன் வேவ் யுபிஎஸ் வாங்கிய பிறகு, ரெண்டர் நடுவே மின்சாரம் போனாலும் அது அசைவதில்லை. இருந்தாலும் நண்பருக்கான பட்டியலில் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நான் சேர்க்கவில்லை. அவர் கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கி, பியூர் சைன் வேவ் யுபிஎஸ்ஸை முதலில் வாங்கட்டும்; வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அதன் பிறகு எந்தக் கோல்டு எஸ்எம்பிஎஸ் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், என்னுடையதைத் தவிர.